ஊதியமில்லா ஊழியன்

எட்டாம் வகுப்பில் அன்று கட்டுரைப் பயிற்சி. 'நான் விரும்பும் விலங்கு' என்பது தலைப்பு. நாற்பது ஏடுகள் நம் மேசைக்கு வந்தன. அவற்றுள் இருபத்தாறில் நாய் வாலாட்டிக்கொண்டிருந்தது. இருபத்தாறும் ஒரே வரியில் தொடங்கின: "நாய் நன்றியுள்ள விலங்கு." நம் பள்ளி நாளில் நாமும் அப்படித்தான் எழுதினோம். நமக்குக் கற்பித்தவரும் அவர் காலத்தில் அப்படித்தான் எழுதியிருப்பார். வழிவழியாக வந்த வரி. வாய்ப்பாடு போல் வந்த வரி. ஆராய்ந்து பாராமல் அனைவரும் ஏற்ற வரி.

ஏடுகளைத் திருப்பித் தந்தபோது கடைசி வரிசையில் ஒரு சிறுவன் எழுந்தான். "ஐயா, நாய்க்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கள் அப்பா நெல் அரவை ஆலையில் இரவுக் காவல், ஐயா. முதலாளி ஊரார் முன்னிலையில் அவர் முதுகைத் தட்டி, 'இவன் நாய் மாதிரி, நன்றியுள்ளவன்' என்பார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால், 'நன்றியுள்ளவன் இப்படிக் கேட்பானா?' என்பார். அதனால்தான் கேட்டேன்" என்றான்.

சிரிப்பு அடங்கிற்று. வகுப்பு முடியும் வேளையும் வந்தது. விடை சொல்லாமலே வெளியே வந்தோம். நேரமில்லை என்பது சாக்கு. விடை தெரியவில்லை என்பதே உண்மை.

அன்றிரவு நம் வாடகை அறையில் விளக்கை ஏற்றி மேசையருகே அமர்ந்தோம். காலடியில் வழக்கம்போல் அவன் படுத்திருந்தான். பெயர் ராஜா. ஆளுகின்ற நிலப்பரப்பு, நம் மேசையின் கீழே நான்கடி நீளம், மூன்றடி அகலம். ஒரு கார்த்திகை மாத மழையில் நனைந்து வந்து வாயிலில் ஒதுங்கிய தெருநாய் அவன். ஒதுங்கியவன் உள்ளே வந்தான். உள்ளே வந்தவன் உரிமை கொண்டான். மாணவர் ஏடுகளை நாம் திருத்துவதும், இவ்விதழுக்குக் கட்டுரை எழுதுவதும் அவன் முதுகில் நம் கால் படும்படி அமர்ந்துதான். நாம் எழுதும் அறையை அலுவலகம் என்று சொல்லலாமானால், அந்த அலுவலகத்தில் இருவர். ஒருவர் எழுதுபவர், மற்றவர் துணை. எழுதுபவருக்கு மாதம் பிறந்தால் ஊதியம் உண்டு. துணைக்கு? சிறுவனின் கேள்வி மேசைக்கு அடியிலிருந்து நம்மைப் பார்த்தது.

இந்தத் துணைவன் என்ன வேலை செய்கிறான்? படித்துப் பிழை திருத்துகிறானா? இல்லை. பாராட்டி ஊக்குகிறானா? இல்லை. அவன் செய்வதெல்லாம் இருப்பதுதான். ஆனால் அந்த இருப்பின் அருமையை எழுதுவோர் அறிவர். எழுத்து தனிமையில் நடக்கும் தொழில். தனிமையோ நெடுநேரம் தாங்க முடியாதது. மனிதர் ஒருவர் அருகிருந்தால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் எழுத்து தேயும். பேசாத துணை, தீர்ப்புச் சொல்லாத துணை, எழுதியது மோசமானாலும் எழுந்து போகாத துணை வேண்டுமென்றால் நாயைவிட வேறு யார்? உரிய நேரத்தில் எழுந்து உடலை நெளித்து, நம்மையும் எழுப்பித் தெருவில் நடக்க வைப்பவனும் அவனே. முதுகு வளைந்து கிடப்போர்க்கு அது மருத்துவமும் ஆகும்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற நாளில், எழுத்தாளர் பலரின் வாழ்க்கையில் இத்தகைய துணைவர்களைச் சந்தித்தோம். ஸ்காட்லாந்து நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட், 1809-ல் தம் நாய் 'கேம்ப்' இறந்த நாளன்று, ஏற்றிருந்த விருந்துக்குப் போகவில்லை. அருமைப் பழைய நண்பர் ஒருவர் இறந்துவிட்டார் என்று காரணம் சொல்லியனுப்பினார். எடின்பரோ நகரில் 1846-ல் திறக்கப்பட்ட அவரது நினைவுச் சின்னத்தில், வெண்சலவைக் கல்லில் ஸ்காட் அமர்ந்திருக்கிறார். அருகில் அவருடைய 'மைடா' என்னும் வேட்டைநாயும் கல்லாய் அமர்ந்திருக்கிறது. எழுத்தாளருக்குச் சிலை வைத்தவர்கள் துணைவனுக்கும் இடம் கொடுத்தார்கள்.

எனினும் நம் கேள்விக்கு நெருங்கியது இன்னொரு வரலாறு. அது இலண்டன் விம்போல் தெருவில், 50-ஆம் எண் வீட்டில் நடந்தது.

எலிசபெத் பாரெட் புகழ்பெற்ற கவிஞர். நோயாளி. 1840-ல் அன்புத் தம்பி கடலில் மூழ்கி மாண்ட துயரம் அவரைப் படுக்கையோடு பிணைத்தது. மறு ஆண்டு, எழுத்தாளரான மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்டு, 'ஃப்ளஷ்' என்னும் பொன்னிற நாயை அவருக்குப் பரிசாகத் தந்தார். முயலும் பறவையும் துரத்த வேண்டிய இனம் அது. ஆனால் திரையிட்ட அறையில், கவிஞரின் கட்டிலருகே, ஆண்டுக்கணக்கில் அது அடங்கிக் கிடந்தது. எலிசபெத் கவிதை எழுதினார்; கடிதங்கள் எழுதினார்; அந்த நாயைப் பற்றியே பாடலும் எழுதினார். ஃப்ளஷ் என்ன எழுதிற்று? ஒன்றும் எழுதவில்லை. தனக்கு இயல்பான ஓட்டத்தை விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான். அந்த விட்டுக்கொடுத்தலுக்கு என்ன விலை போடுவது?

விலை போட்டவர்கள் இருந்தார்கள், திருடர்கள். செல்வர் வீட்டு நாய்களைக் களவாடி, பணம் பறித்துக்கொண்டு திருப்பித் தருவது அந்நாளைய இலண்டனில் ஒரு தொழில். ஃப்ளஷ் மூன்று முறை களவு போயிற்று. மூன்றாம் முறை 1846 செப்டம்பரில். எலிசபெத்தை மணக்கவிருந்த கவிஞர் ராபர்ட் பிரவுனிங், பணம் தரக்கூடாது என்று வாதிட்டார். கொள்ளையருக்குக் கப்பம் கட்டினால் கொள்ளை வளரும். இன்று ஒருவர் பணிந்தால் நாளை ஊரே பணிய வேண்டிவரும் என்பது அவர் கருத்து. எலிசபெத் ஏற்கவில்லை. நோயாளியான அவர், பணிப்பெண் வில்சனுடன் வாடகை வண்டியில் ஏறி, நல்லோர் நுழைய அஞ்சும் பகுதிக்கே சென்று, கும்பலின் தலைவன் வீட்டு வாயில்வரை போனார். ஆறு கினி கொடுத்து நாய் மீட்கப்பட்டது. சில நாட்களில், செப்டம்பர் 12-ஆம் நாள், தந்தைக்குத் தெரியாமல் திருமணம் நடந்தது. அடுத்த வாரம் கணவருடனும் வில்சனுடனும் ஃப்ளஷுடனும் அவர் இங்கிலாந்தை விட்டே புறப்பட்டார்.

யார் சொன்னது சரி? பொதுநீதியைப் பேசியவர் பிரவுனிங், அதில் பிழையில்லை. ஆனால் அந்த நீதிக்கு உயிரைக் கொடுக்க வேண்டியவர் பிரவுனிங் அல்லர், ஃப்ளஷ். அதனிடம் யாரும் இசைவு கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குச் சொல்லத் தெரியாது. தன் கொள்கைக்காகத் தன்னை வருத்திக்கொள்பவன் தியாகி. தன் கொள்கைக்காக வாயில்லாத ஒன்றை வருத்துபவனுக்கு அப்பெயர் பொருந்துமா? நம்மை நம்பித் தன் உலகத்தைச் சுருக்கிக்கொண்ட உயிருக்கு நாம் கடன்பட்டவர்கள். கடனைத் தீர்ப்பது கொடையாகாது. எலிசபெத் கொடுத்த ஆறு கினி கடன் தீர்த்த பணம் என்பதே நம் கருத்து.

அப்படியானால் நாயை ஊழியன் எனலாமா? எண்ணிப் பார்ப்போம். ஊழியம் என்பதற்கு மூன்று அடையாளங்கள் வேண்டும். செய்வது இன்ன வேலை என்று செய்பவன் அறிந்திருக்க வேண்டும். அதற்கு அவன் இசைந்திருக்க வேண்டும். பிடிக்காதபோது விட்டுப் போகும் உரிமை இருக்க வேண்டும். நாயிடம் இம்மூன்றும் இல்லை. நம் கட்டுரை முடிவதற்காகத் தான் படுத்திருப்பதாக ராஜா அறியான். அவனோடு நாம் ஒப்பந்தம் செய்ததில்லை. விட்டுப் போகலாமே என்றால், எங்கே போவான்? ஓநாய்க் குலத்திலிருந்து நாயைப் பிரித்து மனிதன் தன்னோடு சேர்த்துக்கொண்டு 15,000 ஆண்டுகளுக்குக் குறையாது என்பர் ஆராய்ச்சியாளர். மனிதன் முகம் பார்த்தே வாழும் உயிராக அதை ஆக்கிவிட்டோம். 2015-ல் ஜப்பானிய ஆய்வாளர் கண்டதைப் பாருங்கள்: நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசம் வளர்க்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு இருவர் உடலிலும் பெருகுகிறதாம். சோற்றுக்காக மட்டும் வாலாட்டுகிறது என்று இகழ்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே நாய் ஊழியன் அன்று. சேயைப் போல் சார்ந்திருப்பது. அதனால்தான் அதற்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லை என்பதனால் கடமை குறைந்துவிடாது, கூடும். ஊழியனுக்குக் கூலி கொடுத்தால் அன்றைய கணக்கு முடியும். சார்ந்து நிற்பதற்குச் செய்ய வேண்டிய கடமையோ அதன் மூச்சு உள்ளவரை முடியாது.

இனி, 'நன்றி' என்ற சொல்லுக்கு வருவோம். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அந்த அதிகாரம் உதவி பெற்றவனை நோக்கிப் பேசுகிறது. 'நீ செய்த உதவிக்கு நன்றியைத் தண்டல் செய்' என்று உதவியவனுக்கு அது எங்கும் சொல்லவில்லை. எழுதும் அறையில் உதவி பெற்றவர் யார்? எழுதுபவர். அப்படியிருக்க, நன்றி யாரிடம் இருக்க வேண்டும்? நாம் பெற்றுக்கொண்டு, நன்றியை மட்டும் நாயின் பெயரில் எழுதிவைத்தோம். கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனைப் பார்த்து, 'நீ எவ்வளவு நாணயமானவன்' என்று புகழ்ந்துவிட்டு நடந்தால் எப்படியிருக்கும்?

நட்பைப் பற்றிப் பேசும் நாலடியார், யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும். நாயோ, வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது கருத்து. பள்ளியில் இதை நாம் கற்பிக்கிறோம். நாயின் உயர்வைச் சொல்கிறோம், மாணவர் எழுதுகிறார்கள், மதிப்பெண் இடுகிறோம். ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்டதே இல்லை: வேலை எறிந்தவன் யார்? அவனுக்கு என்ன பெயர்? நாயின் பெருமையைப் பேசப் பேச, எறிந்த கை மறைந்துபோகிறது. வால் குழைவதைப் பாடியபோது குருதி வழிவதைப் பார்க்க மறந்தோம்.

இதை எழுதும் உரிமை நமக்கு உண்டா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொண்டோம். சென்ற கோடை விடுமுறையில் நாற்பது நாள் ஊருக்குப் போனோம். தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரிடம் சிறிது பணம் கொடுத்து, "ராஜாவுக்கு ஏதாவது போடுங்கள், அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினோம். அண்ணன் போட்டார், பத்து நாள் வரை. பிறகு அவரும் கடையை மூடிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நாம் திரும்பிய அன்று, பூட்டிய கதவின் முன்னே விலா எலும்புகள் தெரிய ஓர் உருவம் கிடந்தது. காதில் ஆறாத புண். எழ முயன்றது, பின்கால் ஒன்று ஊன்றவில்லை. ஆனால் வால் ஆடிற்று. அன்று நாம் என்ன செய்தோம்? வெட்கப்பட்டோமா? இல்லை. பக்கத்து வீட்டாரை அழைத்து, "பார்த்தீர்களா, நாற்பது நாளானாலும் மறக்கவில்லை! என்ன நன்றி!" என்று பெருமையடித்தோம். வேல் எறிந்த கை நம்முடையது. அதை மறைத்த திரை, நன்றி என்னும் அந்த நல்ல சொல். சிறுவனின் கேள்வி அந்தத் திரையைக் கிழித்தது.

நாயின் அளவில் நடக்கும் இந்த மோசடி மனிதன் அளவில் நடக்கும்போது கொடுமையாகிறது. காவலர் நாய் அல்லர். தம் வேலை இன்னதென்று அறிந்தவர். கூலி பேசி இசைந்தவர். வேண்டாமெனில் விலக உரிமை உடையவர். அவருக்கு நாயின் குணத்தைச் சூட்டுவது புகழ்ச்சியா? அறிவும் இசைவும் உரிமையும் இல்லாத ஒன்றின் இயல்பை, அவை மூன்றும் உடையவரிடம் எதிர்பார்ப்பது, அம்மூன்றையும் அவரிடமிருந்து பறிப்பதாகும். முதுகைத் தட்டும் கை மடியையும் தடவுகிறது. 1948-ஆம் ஆண்டிலேயே குறைந்த கூலிச் சட்டம் தன் பட்டியலில் நெல் அரவை ஆலையையும் சேர்த்தது. சட்டம் கூலியை வேலையோடு கட்டிற்று, நன்றியோடு கட்டவில்லை.

நாயிடம் அன்பு காட்டுவதே ஒருவரின் மனிதத் தன்மைக்குச் சான்று என்பாரும் உளர். அதையும் ஆராய வேண்டும். மீண்டும் விம்போல் தெருவுக்குச் செல்வோம். பாரெட் குடும்பத்தின் செல்வம் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில், அடிமைகளின் வியர்வையில் விளைந்தது. எலிசபெத் அதை வெறுத்தார்; அடிமை முறையைக் கண்டித்துக் கவிதையும் எழுதினார். அது அவருக்குப் பெருமை. ஆனால் நாயை மீட்க உடன் சென்ற பணிப்பெண் வில்சனைப் பாருங்கள். இத்தாலியில் அவரும் ஒருவரை மணந்தார். 1855-ல் இங்கிலாந்தில் குழந்தை பிறந்தது. அந்தக் கைக்குழந்தையை உடன்பிறந்தவளிடம் விட்டுவிட்டு, எசமானியோடு மீண்டும் அவர் இத்தாலிக்குப் பயணமானார். ஃப்ளஷ் தன் துணையைப் பிரியாமல் வாழ்ந்து, ஃபிளாரன்ஸ் நகரில் அவர்கள் வாழ்ந்த காஸா கைடி மாளிகையின் நிலவறையிலேயே அடக்கமாயிற்று. பின்னாளில், 1933-ல், வர்ஜீனியா வுல்ஃப் ஃப்ளஷின் வாழ்க்கையை ஒரு நூலாகவே எழுதினார். வில்சனுக்கு அந்நூலின் இறுதியில் ஒரு குறிப்பு கிடைத்தது. நாய்க்கு நூல், நங்கைக்கு அடிக்குறிப்பு! அந்தக் குறிப்பையாவது எழுத வேண்டும் என்று உணர்ந்த வுல்ஃபைப் பாராட்டுகிறோம். ஆனால் பாடத்தை மறக்கலாகாது: காலடியில் கிடப்பதைக் கனிவோடு பார்க்கும் கண், எதிரே நிற்பவரைக் காணாமல் போகவும் கூடும்.

இறுதியாக, பயன் என்னும் அளவுகோல். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் நாய்க்குட்டி 'டோபி', 1936-ல் அவர் எழுதிவந்த நாவலின் கையெழுத்துப் படியில் பாதியைக் கடித்துக் குதறிவிட்டது. இரண்டு மாத உழைப்பு பாழ். அவர் பெரிதாகத் தண்டிக்கவில்லை. மீண்டும் உட்கார்ந்து எழுதினார். 1937-ல் 'ஆஃப் மைஸ் அண்டு மென்' வெளிவந்தது. அந்த நாவலுக்குள்ளும் ஒரு நாய் வருகிறது. பண்ணையில் ஒரு கையை இழந்த கிழத் தொழிலாளி கேண்டியின் கிழ நாய். நாற்றமடிக்கிறது, பயனில்லை என்று பிறர் சொல்ல, அது சுட்டுக் கொல்லப்படுகிறது. கிழவன் படுக்கையில் கிடந்து வெடிச் சத்தத்தைக் கேட்கிறான். பயனற்றுப் போனால் தனக்கும் கதி இதுதானே என்று பின்னர் அஞ்சுகிறான். பயன் தீர்ந்தால் நாயைத் தள்ளலாம் என்னும் உலகம், பயன் தீர்ந்த பாட்டாளியையும் தள்ளும். இரண்டுக்கும் துப்பாக்கி ஒன்றே.

அந்த உலகம்தான் இயற்கை என்று எவரும் சொல்ல வேண்டாம். ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே, ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914-ல் கல்லுடைப்போர் ஒரு பழங்காலக் கல்லறையைக் கண்டனர். ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமை உடையது அது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. அக்குட்டியின் பற்களை ஆய்ந்தவர்கள் 2018-ல் வெளியிட்ட முடிவு நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. கொடிய நோயால் வாரக்கணக்கில் அது துன்புற்றது. யாரோ தண்ணீர் ஊட்டி, தூய்மை செய்து, சூடு கொடுத்துப் பேணியிராவிட்டால் அத்தனை நாள் அது பிழைத்திருக்க முடியாது என்பதே அம்முடிவு. வேட்டைக்கு உதவாத குட்டி. காவலுக்கு உதவாத குட்டி. எழுத்தறியாத, ஏடறியாத அந்த மனிதர் அதைப் பேணினார். பேணினால் என்ன கிடைக்கும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. பட்டம் பெற்ற நாமோ பத்து நாள் சோற்றுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

மறுநாள் வகுப்புக்குச் சென்றோம். சிறுவனை எழுப்பினோம். "தம்பி, நாய்க்குச் சம்பளம் இல்லை. அது வேலைக்காரன் அன்று. நம்மை நம்பி வந்த உயிர். அதற்கு நாம் செய்ய வேண்டியது சம்பளத்தைவிடப் பெரிது. உன் தந்தை வேலை செய்பவர். அவருக்குச் சம்பளம் உண்டு. நாயைக் காட்டி அதைக் குறைக்க எவருக்கும் உரிமை இல்லை. நேற்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை" என்றோம். ஆசிரியர் தெரியவில்லை என்று சொன்னதைக் கேட்டு வகுப்பு வியந்தது. அவன் வியக்கவில்லை, தலையசைத்து அமர்ந்தான்.

பிறகு ஏடுகளை மீண்டும் வாங்கி, இருபத்தாறிலும் அந்த முதல் வரியைச் சிவப்பு மையால் அடித்தோம். மாற்றாக என்ன எழுதுவது என்று மாணவர்களையே கேட்டோம். பலவும் சொன்னார்கள். முடிவில் கரும்பலகையில் நின்றது இது: "நாய் நம்மை நம்பும் விலங்கு. நன்றி அறிய வேண்டியவர் நாம்."

கோடை விடுமுறை நெருங்குகிறது. ராஜாவின் பின்கால் இன்னும் முழுதும் ஊன்றவில்லை. இம்முறை அவனும் ஊருக்கு வருகிறான். பேருந்தில் இடமில்லை என்பார்கள்; வாடகை வண்டிக்குப் பணம் ஒதுக்கிவிட்டோம். இதை எழுதும்போது அவன் முதுகு நம் காலில் படுகிறது. காவலர் இன்னும் ஆலையில்தான் இருக்கிறார். கூலி உயர்வு கேட்டு விண்ணப்பம் எழுதித் தர வேண்டுமென்று மகனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். இந்தக் கட்டுரையை முடித்த கையோடு எழுத வேண்டியது அதுதான்.